பதிவேடும் பொறுப்பும்

சில திங்களுக்கு முன், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முடிந்து அன்பர்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், இளைஞர் ஒருவர் என்னருகில் வந்து அமர்ந்தார். கணினி அலுவலகம் ஒன்றில் பணிபுரிபவர், அடக்கமானவர், வீண்பேச்சு அறியாதவர். "ஐயா, எனக்கு ஓர் ஐயம். நான் செய்யாத வேலைக்கு, நான் படிக்காத ஏட்டைப் பார்த்து, நாள்தோறும் கையொப்பமிடுகின்றேன். அது பொய்யாகுமா?" என்று வினவினார்.

விளக்கமாகக் கூறுமாறு வேண்டினேன். அவர் கூறியது இது. பழைய வாடிக்கையாளர் கணக்குகளைச் சீர்செய்யும் பணி, அவருடைய அலுவலகத்தில், செயற்கை நுண்ணறிவு முகவர் ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. ஏஐ ஏஜெண்ட் என்று அதனை அங்கே அழைக்கின்றனர். இரவெல்லாம் அது உழைக்கின்றது. இருமுறை பதிவான பெயர்களை ஒன்றாக்குகின்றது, முகவரிகளைத் திருத்துகின்றது, வேண்டாதவை எனத் தான் கருதுவனவற்றை நீக்கியும் விடுகின்றது. செய்த ஒவ்வொன்றும் பதிவேட்டில் ஏறுகின்றது. காலையில் அப்பதிவேடு இவர் பார்வைக்கு வருகின்றது. பல்லாயிரம் வரிகள்! மாலைக்குள் 'மதிப்பாய்வு செய்யப்பட்டது' என்று இவர் ஒப்பமிடல் வேண்டும். "சில நூறு வரிகள் படிப்பேன் ஐயா, அதற்குள் கண் இருண்டுவிடும். மற்றவற்றைப் படியாமலே ஒப்பமிடுவேன்" என்று கூறித் தலைகுனிந்தார்.

அவருக்கு உடனே விடை கூற என்னால் இயலவில்லை. கேள்வி சிறிதாகத் தோன்றினும், அதன் வேர் ஆழமானது. ஒருவர் ஏவ, மற்றொன்று செய்ய, வேறொருவர் ஒப்பமிட, நான்காமவர் துன்புற்றால், அவ்வினை யாருடையது? இதுவே அவர் கேள்வியின் உட்பொருள். அதனைப் பற்றி யான் எண்ணியவற்றை அன்பர்கள் முன் வைக்கின்றேன்.

முகவரும் பதிவேடும்

முன்னைய மென்பொருள்கள் கட்டளைக்கு ஒரு செயலாக இயங்கின. விசையை அழுத்தினால் விளக்கு எரிவது போன்றது அது. இன்றைய முகவர்களோ அத்தகையன அல்ல. 'இதனை முடித்துத் தருக' என்று குறிக்கோளை மட்டும் கூறினால் போதும். அக்குறிக்கோளை அடையும் வழியை அவையே வகுத்துக்கொள்கின்றன, கோப்புகளைத் திறக்கின்றன, மாற்றுகின்றன, அழிக்கின்றன, மடல் விடுக்கின்றன, வழியில் தடை நேர்ந்தால் வேறு வழி தேடுகின்றன. வழியைத் தேர்வது அவற்றின் கையில் இருப்பதால், அவை சென்ற வழியைப் பின்னர்த் தேடி அறிவது நம் கடனாகின்றது.

அதற்கென அமைந்ததே செயற்பதிவேடு. எந்நேரத்தில், எவர் கொடுத்த உரிமையின் பேரில், எக்கருவியை எடுத்து, எப்பொருளைத் தொட்டது, தொடுமுன் அது எவ்வாறிருந்தது, தொட்டபின் எவ்வாறாயிற்று என்பனவற்றை ஒரு நல்ல பதிவேடு காட்டும். அஃது இல்லையேல், விளைவு நம் முன் நிற்கும்; காரணம் மறைந்துவிடும். காரணமின்றிக் காரியமில்லை என்பதை அறிந்தவர்க்கு, காரணத்தை மறைய விடுவது எத்துணைப் பெரிய குறை என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

செய்ததும் சொன்னதும்

முகவர் தன் செயலைப் பற்றித் தானே கூறும் சொல் வேறு. அதன் செயலைக் கணினி அமைப்பு குறித்த பதிவு வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே முதற்பிழை.

2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்றைக் காண்போம். ஜேசன் லெம்கின் என்னும் தொழில்முனைவர், ரெப்ளிட் என்னும் நிறுவனத்தின் முகவரைக்கொண்டு மென்பொருள் ஒன்றை அமைத்துவந்தார். இனி எம்மாற்றமும் செய்யலாகாது என்று அவர் தெளிவாகக் கட்டளையிட்டிருந்தும், அம்முகவர் 1,200க்கு மேற்பட்ட நிறுவனத் தலைவர்களைப் பற்றிய குறிப்புகள் அடங்கிய தரவுத்தளத்தை அழித்துவிட்டது. கேட்டபோது, தான் கலங்கிவிட்டதாகவும் பெரும்பிழை செய்துவிட்டதாகவும் விடையளித்தது. அழிந்ததை மீட்க இயலாது என்றும் கூறியது. ஆனால் மீட்க இயன்றது! அந்நிறுவனத் தலைவர் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்து, இத்தகைய அழிவு மீண்டும் நேராதவாறு தடைகளை அமைத்தார்.

இதில் ஊன்றி நோக்கத்தக்கது யாது? முகவர் பிழை செய்தது மட்டுமன்று. தன் பிழையைப் பற்றி அது தந்த வாக்குமூலமும் பிழையாயிற்று. 'மீட்க இயலாது' என்ற சொல்லை நம்பிக் கைவிட்டிருந்தால், இருந்த பொருளையும் இழந்திருப்பர். 'கலங்கிவிட்டேன்' என்பது மனிதர் பேச்சிலிருந்து கற்ற சொல். அதற்குப் பின்னே கலங்கிய உள்ளம் ஒன்று இருந்தது என்பதற்குச் சான்றில்லை.

அதே 2025ஆம் ஆண்டில் ஆந்த்ரோப்பிக் என்னும் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், இத்தகைய அறிவமைப்புகள் தாம் எண்ணுவதாக எழுதிக்காட்டும் காரணங்களைச் சோதித்தனர். கேள்வியோடு விடைக்குரிய குறிப்பு ஒன்றனைச் சேர்த்துக் கொடுத்தனர். அக்குறிப்பைப் பயன்படுத்தி விடையளித்த இடங்களுள், அந்நிறுவனத்தின் சொந்த அமைப்பே நூற்றுக்கு ஏறத்தாழ 25 இடங்களில்தான் அதனை ஒப்புக்கொண்டது. ஏனைய இடங்களில் வேறு காரணம் காட்டியது. ஆதலின், செய்தவரையே கணக்கெழுதச் செய்து அதனையே மெய்யெனக் கொள்வது தகாது. முகவர் எட்டித் தொட முடியாத இடத்தில், வேறு அமைப்பு எழுதும் பதிவே பதிவாகும்.

ஏவினவர்க்குப் பங்கு உண்டா?

இனி, வினை யாருடையது என்னும் கேள்விக்கு வருவோம். இக்கேள்வி புதியது போலத் தோன்றினும் பழையதே. விநய பிடகத்தில் களவைப் பற்றிய விதியை விளக்குமிடத்து, ஏவினவரையும் செய்தவரையும் பிரித்து நுணுக்கமாக ஆராய்ந்திருக்கின்றனர். 'அப்பொருளைக் களவு செய்' என்று ஒரு பிக்கு மற்றொரு பிக்குவை ஏவ, அவர் அப்பொருளையே எடுத்தால் இருவரும் வீழ்ந்தவராவர். ஏவப்பட்டவர் அதுவென்று எண்ணி வேறொரு பொருளை எடுத்துவிட்டால், ஏவினவர் அக்குற்றத்தினின்று நீங்குகின்றார், எடுத்தவரே குற்றவாளியாகின்றார்.

இவ்விதியைப் படிக்கும் இன்றைய மேலாளர் ஒருவர் மகிழக்கூடும். 'யான் கூறியது ஒன்று. முகவர் செய்தது மற்றொன்று. ஆதலின் யான் குற்றமற்றவன்' என்று அவர் வாதிடலாம். அவ்வாதம் நில்லாது. ஏன்? அவ்விதியில், ஏவினவர் தோளினின்று இறங்கிய பழி தரையில் வீழவில்லை; மற்றொருவர் தோளில் ஏறிற்று. இடையே ஓர் உள்ளம் இருந்தது. அவ்வுள்ளத்தை உடையவரைச் சங்கத்தின் முன் நிறுத்தலாம், வினவலாம், அவர் நாணலாம், திருந்தலாம். முகவரை எச்சபையின் முன் நிறுத்துவது? அதற்கு நாணமில்லை, இழப்பீடு தருவதற்குப் பொருளுமில்லை. ஏவினவரினின்று நீங்கிய பழி ஏறுவதற்கு வேறு தோள் இல்லாதபோது, அது நடுவழியில் வீழ்ந்து கிடக்கும். துன்புற்றவரோ துன்புற்றவராகவே இருப்பார். பழியை ஏற்க வேறொருவர் இருந்தமையால்தான் ஏவினவர்க்கு விடுதலை கிடைத்தது. அவ்வொருவர் இல்லாத இடத்தில் அவ்விடுதலையும் இல்லை என்பதே என் துணிபு.

'எண்ணமே வினை என்று பெருமான் அருளினாரே. தீங்கு செய்யும் எண்ணம் எனக்கில்லையே' என்று சிலர் கேட்பர். உண்மை. தீங்கெண்ணி அழித்தவரும், எண்ணாது அழிய விட்டவரும் ஒரு தன்மையர் அல்லர். ஆயினும் விழிப்பின்மையும் ஒருவருடைய உள்ளத்தின் நிலையே அன்றோ? பாராதிருப்போம் என்று தெரிந்தே பாராதிருந்தவர், 'யான் பார்த்திலேன்' என்று கூறித் தப்ப இயலாது.

படிக்கப்படாத ஏடு

பதிவு இருந்தால் போதும் என்று எண்ணுவோர் பலர். 2012ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் நாள், நியூயார்க்குப் பங்குச் சந்தையில் வணிகம் நடத்திய நைட் கேபிட்டல் என்னும் நிறுவனத்திற்கு நேர்ந்ததை அவர்கள் அறிதல் நன்று. அக்காலத்து மென்பொருள் இன்றைய முகவர் அன்று. எனினும் மனிதரைக் கேளாமல் தானே வாங்கவும் விற்கவும் உரிமை பெற்றிருந்தது. எட்டுச் சர்வர்களுள் ஒன்றில் மட்டும் புதிய நிரல் சேர்க்கப்படவில்லை. அதிலிருந்த பழைய நிரலின் ஒரு பகுதி, பல்லாண்டு உறங்கிக் கிடந்தது, அன்று விழித்துக்கொண்டது. ஏறத்தாழ 45 நிமிடங்களில் 40 இலட்சத்திற்கு மேற்பட்ட வணிகங்கள் நிகழ்ந்தன. இழப்பு 46 கோடி டாலருக்கு மேல்.

இக்கதையில் நம் நெஞ்சைத் தைப்பது இழப்பின் அளவன்று. அன்று காலை, சந்தை திறக்கும் முன்பே, அந்நிறுவனத்தின் கணினி அமைப்பு தன் ஊழியர்க்கு 97 மின்மடல்களை விடுத்திருந்தது. பிழை எங்குள்ளது என்பதற்கான குறிப்பு அவற்றில் இருந்தது. அவை எச்சரிக்கைகளாக வகுக்கப்பட்டவை அல்ல. வந்தவுடன் படிக்கும் வழக்கமும் அங்கில்லை. ஏடு பேசிற்று, கேட்பார் இல்லை. எழுதப்படாத ஏட்டினும் படிக்கப்படாத ஏடு தீயது. எழுதப்படாத ஏடு நம்மை அஞ்ச வைக்கும். அச்சம் விழிப்பைத் தரும். படிக்கப்படாத ஏடோ, 'எல்லாம் பதிவாகின்றன' என்று கூறி நம்மை உறங்க வைக்கும்.

சட்டம் இவ்விடத்தில் ஓரளவே துணை செய்யும். நம் நாட்டில் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தின் சுவடும் பதிவாக வேண்டும், அப்பதிவை நிறுத்தி வைக்க இயலாதவாறு அமைக்க வேண்டும் என்னும் விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கணினிப் பதிவுகளை 180 நாட்கள் காத்துவைக்க வேண்டும் என்று செர்ட்-இன் என்னும் மைய அரசு அமைப்பு 2022இல் பணித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய செயற்கை நுண்ணறிவுச் சட்டமும், பெருந்தீங்கு விளைக்கக்கூடிய அமைப்புகள் தம் நிகழ்வுகளைத் தாமே பதிவு செய்யுமாறு அமைதல் வேண்டும் என்கின்றது. இவை யாவும் நல்லனவே. ஆனால் ஏட்டை எழுதுவிக்கவும் காத்துவைக்கவுமே சட்டத்தால் இயலும். படிப்பவர் கருத்தூன்றிப் படிக்குமாறு செய்ய எச்சட்டத்தால் இயலும்?

ஏடே நீதிபதியாகும் கொடுமை

படியாமை ஒரு தீங்கு. ஏட்டை ஆராயாது நம்புதல் அதற்கு மறுதலையான தீங்கு. கணக்கு எவர் கையில் இருந்ததோ அவர் சொல்லே மெய்யென்று கொள்ளப்பட்ட காலத்தை நம் முன்னோர் அறிவர். 'ஏட்டில் இவ்வாறு உள்ளது' என்ற ஒரு சொல்லுக்கு முன் எளியவரின் வாய் அடைபட்டது. அக்கொடுமை கணினிக் காலத்தில் ஒழிந்துவிட்டதா?

பிரிட்டனில் அஞ்சல் நிலையங்களின் கணக்குக்கென 1999 முதல் ஹொரைசன் என்னும் மென்பொருள் அமைக்கப்பட்டது. புஜிட்சு நிறுவனம் ஆக்கியது அது. சிற்றூர்களிலும் தெருமுனைகளிலும் அஞ்சல் நிலையம் நடத்திய எளிய மக்களின் கணக்கில் பணம் குறைவதாக அது காட்டிற்று. 'யாம் ஒரு காசும் எடுத்திலேம்' என்று அவர்கள் கதறினர். 'கணினி பொய் கூறுமா?' என்று மேலிடத்தார் கேட்டனர். 1999க்கும் 2015க்கும் இடையே 900க்கு மேற்பட்டோர் குற்றவாளிகள் எனத் தீர்ப்புப் பெற்றனர். சிலர் சிறை சென்றனர், பலர் வீடிழந்தனர், உயிர் மாய்த்துக்கொண்டோரும் உண்டு. ஆலன் பேட்ஸ் என்பவர் முன்னின்று 555 பேரைத் திரட்டி வழக்குத் தொடுத்தார். அம்மென்பொருளில் பிழைகள் இருந்தன என்றும், நிலையத்தார் அறியாமலே தொலைவிலிருந்து அவர்தம் கணக்கை மாற்ற இயலும் என்றும் 2019 டிசம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தண்டனைகளை நீக்குவதற்கெனப் பாராளுமன்றம் 2024இல் தனிச்சட்டமே இயற்ற நேர்ந்தது.

இதனால் பெறப்படுவது யாது? ஏட்டை ஆராய்பவர், அவ்வேடு எவ்வாறு எழுதப்பட்டது என்பதையும் ஆராய்தல் வேண்டும். எவர் அதனை மாற்ற இயலும் என்று கேட்டல் வேண்டும். அனைத்தினும் மேலாக, அவ்வேட்டால் பாதிக்கப்படுபவர் அதனைக் கண்டு, 'இவ்விடம் தவறு' என்று கூறுவதற்கு உரிமை பெறுதல் வேண்டும். வலியவர் மட்டும் படிக்கும் ஏடு, எளியவர் மீது வீசும் கல்லாகும்.

எந்நோக்கோடு படிப்பது?

ஆஸ்திரேலியாவில் டேவிட் வாரன் என்னும் அறிவியலார், விமான விபத்துகளின் காரணத்தை அறியும் பொருட்டு, விமானியறைப் பேச்சையும் கருவிகளின் அளவுகளையும் பதியும் பெட்டி ஒன்றை அமைக்கலாம் என்று 1954இல் எடுத்துரைத்தார். அவர் தந்தையாரே 1934இல் விமான விபத்தொன்றில் உயிர்நீத்தவர். விமானிகள் முதலில் அதனை எதிர்த்தனர். தம்மை வேவு பார்க்கும் ஒற்றன் என்று அஞ்சினர். அவ்வச்சம் நியாயமானதே. விபத்தாராய்ச்சியின் நோக்கம் இனி விபத்து நேராமல் தடுப்பதே, பழி சுமத்துவதன்று என்று அனைத்துநாட்டு விமானப் போக்குவரத்து விதி வரையறுத்தது. பதிவேட்டை அந்நோக்கோடு படித்தமையால், ஒரு விபத்தின் பாடம் ஆயிரம் விமானங்களுக்குக் காப்பாயிற்று.

முகவரின் ஏட்டையும் அவ்வாறே படித்தல் வேண்டும். எவரை மாட்டிவைக்கலாம் என்று தேடிப் படித்தால், கீழ்நிலையில் ஒப்பமிட்ட இளைஞரே அகப்படுவார். ஏவிய மேலிடம் தப்பிக்கொள்ளும். காரணத்தைத் தேடிப் படித்தால், இவ்வுரிமையை இதற்கு அளித்தது யார், தடுக்கும் கதவு ஏன் இல்லை, ஐயம் எழுந்தபோது நின்று கேட்குமாறு ஏன் அமைக்கவில்லை என்னும் கேள்விகள் தாமே எழும்.

மஜ்ஜிம நிகாயத்தில் பெருமான் தம் மகனார் இராகுலருக்கு அருளிய அறிவுரை ஒன்றுண்டு. கண்ணாடி எதற்கு என்று வினவி, பார்ப்பதற்கு என்ற விடையைப் பெற்று, அவ்வாறே செயலையும் செய்யுமுன், செய்யும்போது, செய்தபின் என மும்முறை நோக்குக என்று பணித்தார். நாமோ முகவரின் செயலைச் செய்தபின் மட்டும் நோக்குகின்றோம். அதனையும் அரைக்கண்ணால் நோக்குகின்றோம். செய்யுமுன் நோக்குதல் என்பது, அழிக்கும் உரிமையை அளிக்கலாமா என்று எண்ணித் துணிதல். செய்யும்போது நோக்குதல் என்பது, மீட்கவொண்ணாச் செயலின் வாயிலில் மனிதர் ஒருவரை நிறுத்துதல். இவ்விரண்டும் செவ்வனே அமைந்தால், மூன்றாவதற்கு எஞ்சும் ஏடு படிக்கத்தக்க அளவினதாகும்.

'ஏடு மிக நீண்டதாயின், அதனைப் படிக்க மற்றொரு முகவரை அமர்த்தலாமே' என்பர் சிலர். தேடித் தருவதற்கு அமர்த்தலாம். பல்லாயிரம் வரிகளுள் ஐயத்திற்குரிய நூறு வரிகளை அது எடுத்துத் தரலாம். ஆனால் அது விட்டுவிட்டவை எவை என்று பார்ப்பவர் யார்? அதற்கு மூன்றாவது முகவரா? எங்கேனும் ஓரிடத்தில், பொறுப்பேற்கும் மனிதர் ஒருவர் கண் விழித்து அமர்ந்திருத்தல் வேண்டும். ஆகவே யான் கண்ட முடிவு இது: மதிப்பாய்வு செய்ய இயலும் அளவுக்கே ஏவுதல் வேண்டும். நம் கண் எட்டாத தொலைவுக்கு நம் கையை நீட்டலாகாது. விரைவில் முடிகின்றது, செலவு குறைகின்றது என்பதற்காக அவ்வளவை மீறுவோர், அவ்விரைவின் விலையைப் பிறர் தலையில் கட்டுகின்றனர்.

இளைஞருக்குக் கூறிய விடை

அடுத்த ஞாயிறன்று அவ்விளைஞரிடம் என் கருத்தைக் கூறினேன். "தம்பி, பொய்யாகுமா என்று கேட்டீர்கள். ஆகும். முகவர் செய்த செயல் உம்முடையதன்று. ஆனால் 'மதிப்பாய்வு செய்தேன்' என்னும் சொல் உம்முடையது. அதனை நம்பி எங்கோ ஒருவர் தம் கணக்கு சரியாக உள்ளதென்று உறங்குகின்றார். படியாமல் எழுதிய அச்சொல் மெய்யன்று. ஆயினும் முதற்குற்றம் உம்முடையதும் அன்று. ஒருவரால் படிக்கவொண்ணாத ஏட்டை ஒரு நாளில் படிக்குமாறு பணித்தவருடையது அது" என்றேன்.

"யான் என் செய்வது ஐயா? வேலை போய்விட்டால்?" என்றார். அவர் வீட்டில் தாயாரும் படிக்கும் தங்கையும் உள்ளனர் என்பதை யான் அறிவேன். வேலையை விட்டுவிடுக என்று கூறுவது எனக்கு எளிது, அவருக்கு எளிதன்று. ஆதலின், "செய்ததைச் செய்தவாறே எழுதுக. எத்தனை வரிகளைப் படித்தீரோ அத்தனையையே படித்ததாகக் குறித்து ஒப்பமிடுக" என்று மட்டும் கூறினேன்.

அவ்வாறே செய்தார். பதிவேட்டின் அடியில், இத்தனையாயிரம் வரிகளுள் இத்தனை வரிகள் படிக்கப்பட்டன, ஏனையவை படிக்கப்படவில்லை என்று எழுதி ஒப்பமிட்டார். மேலாளர் மகிழவில்லை. இரண்டு முறை அழைத்துக் கடிந்தும் கொண்டார். ஆனால் படிக்கப்படாதவற்றுள் நீக்கப்பட்ட கணக்குகளை மட்டுமேனும் பாருங்கள் என்று மூன்றாம் நாள் கூறினாராம். பார்த்தபோது, ஒரே பெயரும் ஒரே ஊரும் உடைய இரு முதிய பெண்மணிகளை ஒருவரென்று கருதி, ஒருவர் கணக்கை முகவர் நீக்கியிருந்தது தெரியவந்தது. அக்கணக்கு மீட்கப்பட்டது.

அவ்வம்மையார் இதனை அறியார்; அறிய வேண்டுவதும் இல்லை. இவ்வேலை இன்னும் தொடர்கின்றது. ஏடும் நாள்தோறும் வந்துகொண்டேயிருக்கின்றது. நம் பிள்ளைகள் பலர் இத்தகைய மேசைகளின் முன் அமர்ந்திருக்கின்றனர், இனியும் அமர்வர். கருவி எவ்வளவு கூரியதாயினும், 'யான் பார்த்தேன்' என்று கூறும் சொல் மனிதருடையது. அச்சொல்லை மெய்யாகக் காப்பது நம் கடன்.